நிலைகுலைந்த நாடுகளின் சுகாதார நிதியை ஆராய்வது: முதுகலை முதல் பேராசிரியர் பணி வரை முழுமையான வழிகாட்டி

போர் நடக்கும் நாட்டில், அல்லது போர் ஓய்ந்தும் அரசு இன்னும் எழுந்து நிற்காத நாட்டில், மாவட்ட மருத்துவமனைச் செவிலியருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? மருந்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? பிரசவத்துக்கு வரும் பெண் எவ்வளவு கடன்பட்டு வருகிறாள்? இவற்றுக்குச் சான்றோடு பதில் தேடுவதே இத்துறையின் வேலை. மருத்துவர்கள், பொருளாதாரம் படித்தவர்கள், செவிலியர் மேலாளர்கள், பொது நிர்வாகம் படித்தவர்கள், தொண்டு நிறுவனக் கணக்காளர்கள் எனப் பலரும் இதற்குள் வருகிறார்கள். எந்த வாசல் வழியாக வந்தாலும் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைப்பது நல்லது: பத்து நாடுகளை மேலோட்டமாகத் தொடுபவரைவிட, ஒரு நாட்டின் ஒரு பணப்பாதையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்பவரின் ஆய்வுதான் இங்கே பயன்படுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டவை.

படி 1: துறையின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிலைகுலைந்த, மோதலால் பாதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலை உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மோதல் நடக்கும் நாடுகள் அதில் ஒரு வகை. அரசு நிறுவனங்களும் சமூகப் பிணைப்பும் நலிந்த நாடுகள் இன்னொரு வகை. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பு) பொருளாதாரம், சுற்றுச்சூழல், அரசியல், பாதுகாப்பு, சமூகம், மனிதவளம் என்ற ஆறு கோணங்களில் இதையே அளக்கிறது. இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. இரண்டும் காலத்தோடு மாறுபவை. எனவே ஆய்வில் "பட்டியலில் உள்ள நாடுகள்" என்று எழுதினால் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்று சொல்லியாக வேண்டும். நாடு முழுவதும் நொடிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. உகாண்டாவின் வடபகுதி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போரில் சிக்கியிருந்தபோது தலைநகர் கம்பாலா வளர்ந்துகொண்டிருந்தது. ஒரே நாட்டுக்குள் இரண்டு நிலைமைகள்.

நிதி என்ற பக்கத்தில் மூன்று வேலைகள் உண்டு: பணம் திரட்டுவது, திரட்டியதை ஒன்றாகச் சேர்த்து இடர்ப்பாட்டைப் பகிர்வது, அந்தப் பணத்தால் சேவையை வாங்குவது. 2010-ஆம் ஆண்டு உலக சுகாதார அறிக்கை முழுக்க இந்த மூன்றைப் பற்றியதுதான். நிலைகுலைந்த நாட்டில் மூன்றுமே கோணலாகும். வரி வசூல் சுருங்கும். குடும்பங்களின் கைச்செலவும் (சிகிச்சைக்குத் தாமே நேரடியாகக் கொடுக்கும் பணம்) வெளிநாட்டு உதவியும் அந்த இடத்தை நிரப்பும். சேர்த்து வைக்க வேண்டிய பணம் பல சிறு திட்டங்களாகச் சிதறும். சேவையை அரசு வாங்காது. உதவி தருபவர் நேரடியாகத் தொண்டு நிறுவனங்களிடம் வாங்குவார்.

ஆப்கானிஸ்தானைப் படித்தால் இது தெளிவாகும். 2003-இல் அங்கே அடிப்படைச் சுகாதாரச் சேவைத் தொகுப்பு ஒன்று வகுக்கப்பட்டது. அதை வழங்கும் பொறுப்பு பெரும்பாலான மாகாணங்களில் தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. உலக வங்கி, அமெரிக்க அரசின் உதவி நிறுவனம், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை செலவை ஏற்றன. 2018 முதல் இது சேஹத்மந்தி என்ற திட்டமாக நடந்தது. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் உலக வங்கியின் பணம் நின்றது. பின்னர் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் வழியாகப் பணம் அனுப்பும் ஏற்பாடு வந்தது. கிளினிக்குகளில் பல முன்பு இருந்தவையேதாம். அவற்றுக்குப் பணம் வந்து சேரும் வழி மாறிவிட்டது. பாதை மாறியதால் சேவையில் என்ன மாறியது என்ற ஒரு கேள்வியே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

படி 2: முதுகலையில் எதைக் கற்க வேண்டும்

சுகாதாரப் பொருளாதாரம், சுகாதாரக் கொள்கையும் நிதியும், பொதுச் சுகாதாரம் ஆகிய மூன்றில் எதை எடுத்தாலும் சரி. லண்டன் சுகாதார வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி, யார்க் பல்கலைக்கழகம், எடின்பரோவின் குயின் மார்கரெட் பல்கலைக்கழகம், ஆன்ட்வெர்ப்பின் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம், கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பொருளாதாரப் பிரிவு, பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம், கம்பாலாவின் மக்கரேரே பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் தொடர்ந்து இயங்குபவை. கல்லூரியின் பெயரைவிட, அங்கே உங்களை வழிநடத்தக்கூடியவர் கடந்த சில ஆண்டுகளில் எந்த நாட்டில், யாரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, நான்கு திறன்களை இந்தக் கட்டத்திலேயே கைக்குள் கொண்டுவாருங்கள். முதலாவது, ஸ்டேட்டா அல்லது ஆர் மென்பொருளில் குடும்பக் கணக்கெடுப்புத் தரவை, மாதிரி எடைகளோடு (ஒவ்வொரு குடும்பமும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்), பிழையின்றிக் கையாளுவது. இரண்டாவது, 2011-இல் ஓஇசிடி, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட், உலக சுகாதார நிறுவனம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட சுகாதாரக் கணக்கு முறை. ஒரே ரூபாயைத் தந்தவர், கையாண்டவர், செலவிட்டவர் என மூன்று இடங்களில் எப்படிப் பதிவது என்பதை அது கற்றுத்தரும். மூன்றாவது, நேர்காணல் எடுத்து, எழுத்தாக்கி, கருப்பொருள் பிரித்து ஆய்வது. நான்காவது, மொழி. காங்கோ, புருண்டி, சாத், மாலி போன்ற நாடுகளுக்குப் பிரெஞ்சும், ஏமன், சிரியா, சூடான், லெபனானுக்கு அரபியும் தெரியாமல் அமைச்சகக் கோப்பைப் படிக்க முடியாது. மொழிபெயர்ப்பாளரை நம்பியே பத்தாண்டு ஓட்டுவது கடினம். புள்ளியியலில் சற்றுப் பின்தங்கியவர் அதைப் பிறகு ஈடுகட்டலாம். மொழியைத் தள்ளிப்போட்டவர் பெரும்பாலும் கற்காமலே போய்விடுகிறார்.

பயிற்சிக்கு ஒரு வேலை: உலக சுகாதார நிறுவனத்தின் சுகாதாரச் செலவுத் தரவுத்தளத்தில் 2000 முதல் உள்ள எண்களை ஒரு நாட்டுக்கு இறக்கி, அரசு, வெளிநாட்டு உதவி, குடும்பக் கைச்செலவு மூன்றின் பங்கையும் வரைபடமாக்குங்கள். ஏதேனும் ஓர் ஆண்டில் எண் திடீரென்று துள்ளினால், அது உண்மையான மாற்றமா, கணக்கு முறை மாறியதா, புதிய கணக்கெடுப்பு சேர்ந்ததா என்று அடிக்குறிப்புகளைப் படித்துக் கண்டுபிடியுங்கள். இதைச் செய்து முடித்தவருக்கு இத்துறை ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

படி 3: நாட்டையும் கேள்வியையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

மூன்று நிபந்தனைகளை வைத்துத் தேர்வு செய்யலாம். அந்நாட்டில் உங்களோடு சமமாக வேலை செய்யக்கூடிய ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். கேள்விக்குத் தேவையான தரவில் பாதியாவது ஏற்கெனவே எங்கோ பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் நேரில் போக முடியாமல் போனாலும் ஆய்வு நிற்காமல் நடக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. விசா மறுப்பும் விமானத்தடையும் இங்கே அடிக்கடி நடப்பவை.

நல்ல கேள்வி ஒரு முடிவோடு கட்டுண்டிருக்கும். "மோதல் சுகாதாரக் கட்டமைப்பை எப்படிப் பாதிக்கிறது" என்பதில் கைக்கு எதுவும் சிக்காது. சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. அதே நேரத்தில் சுகாதாரப் பணியாளர் சம்பளம் உயர்த்தப்பட்டது. சம்பளப் பட்டியலில் இருந்த போலிப் பெயர்களும் களையப்பட்டன. இதில், கட்டணம் நீங்கிய பின் குடும்பங்களின் செலவு உண்மையில் குறைந்ததா, அல்லது மருந்தில்லாமல் வெளியே வாங்க நேர்ந்ததா என்று கேட்கலாம். சம்பள உயர்வு இல்லாமல் கட்டண நீக்கம் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் தரவு தேட முடியும். பதிலை ஓர் அமைச்சகம் பயன்படுத்தவும் முடியும்.

ஆய்வு வடிவமைப்புக்கு ருவாண்டாவின் செயல்திறன் சார்ந்த நிதியளிப்பு பற்றிய மதிப்பீட்டை ஆழ்ந்து படியுங்கள். 2011-இல் லான்செட் இதழில் வந்தது. சேவைக்கு ஏற்பப் பணம் பெற்ற நிலையங்களோடு ஒப்பிடப்பட்ட மற்ற நிலையங்களுக்கும் அதே அளவு கூடுதல் பணம் தரப்பட்டது. அதனால், பலன் கூடுதல் பணத்தால் வந்ததா, ஊக்கத்தொகை முறையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. மருத்துவ நிலையப் பிரசவங்கள் 23% கூடின. நான்கு முறை கர்ப்பகாலப் பரிசோதனையை முடித்தவர் எண்ணிக்கையில் முன்னேற்றம் தெரியவில்லை. ஒரே திட்டம் ஒன்றில் பலித்து இன்னொன்றில் பலிக்காதது ஏன் என்று கேட்பதில்தான் ஆய்வாளரின் பார்வை வளரும்.

படி 4: முனைவர் பட்ட ஆண்டுகளைத் திட்டமிடுவது

மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் படிப்பும் ஆய்வுத் திட்ட வரைவு எழுதுவதும். அடுத்து அறநெறி அனுமதி: உங்கள் பல்கலைக்கழகக் குழுவிடமும், ஆய்வு நடக்கும் நாட்டின் குழுவிடமும் தனித்தனியாகப் பெற வேண்டும். இதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். ஒரு பகுதியில் இரண்டு நிர்வாகங்கள் அதிகாரம் செலுத்தினால் இரண்டிடமும் அனுமதி தேவைப்படலாம். அந்தக் காத்திருப்பில், அனுமதி தேவைப்படாத இரண்டாம் நிலைத் தரவு ஆய்வை முடித்துவிடுங்கள்.

மூன்று கட்டுரைகள் கொண்ட ஆய்வேடு இத்துறைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒன்று, நாட்டின் நிதிக் கொள்கை வரலாறு. ஆவணங்களையும் சுமார் 25 முதல் 40 நேர்காணல்களையும் வைத்து எழுதலாம். இரண்டு, ஏற்கெனவே உள்ள தரவில் அளவியல் பகுப்பாய்வு. மூன்று, களத்தில் திரட்டும் புதிய தரவு. மூன்றாவது முற்றிலும் தடைபட்டாலும் முதல் இரண்டைக் கொண்டு பட்டம் பெறும்படி வடிவமையுங்கள். ஆய்வேட்டை ஒரே ஒரு களக் கணக்கெடுப்பின் மேல் கட்டியவர்கள்தான் பெரும்பாலும் நடுவழியில் நிற்கிறார்கள். நேர உழைப்பைக் குறைத்துக் கணக்கிடாதீர்கள்: ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், மொழிபெயர்ப்பு சேர்ந்தால் இன்னும் கூடும்.

படி 5: தரவு எங்கே தவறும், ஏன் தவறும்

இந்தப் பகுதியில் அவசரப்பட்டவரின் ஆய்வு பின்னால் எவ்வளவு நேர்த்தியான புள்ளியியல் செய்தாலும் நிமிராது.

மக்கள்தொகை எண். ஒரு நபருக்கான செலவு, தடுப்பூசி விகிதம் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வகுக்கும் எண் உண்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசிக் கணக்கெடுப்பு 1984-இல். ஆப்கானிஸ்தானில் 1979-இல் தொடங்கியது முழுமை பெறவில்லை. லெபனானில் 1932-க்குப் பிறகு அதிகாரபூர்வக் கணக்கெடுப்பே இல்லை. இடப்பெயர்வு இதை மேலும் குலைக்கும்: மக்கள் வெளியேறிய மாவட்டத்தில் பழைய எண்ணால் வகுத்தால் சேவை சரிந்ததுபோலத் தோன்றும், அவர்கள் போய்ச்சேர்ந்த மாவட்டத்தில் தடுப்பூசி 100%-ஐத் தாண்டும். குறைந்தது இரண்டு மாற்று மக்கள்தொகை மதிப்பீடுகளை வைத்துக் கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்று காட்டுங்கள்.

நாணய மாற்று விகிதம். லெபனானில் ஒரு டாலருக்கு 1,507.5 லிரா என்ற அதிகாரபூர்வ விகிதம் 1997 முதல் 2023 பிப்ரவரி வரை நீடித்தது. ஆனால் 2019 இறுதியிலிருந்தே சந்தை விகிதம் அதைவிட்டு விலகி, பல மடங்கு ஏறிவிட்டது. அந்த ஆண்டுகளின் அரசுச் செலவை அதிகாரபூர்வ விகிதத்தில் டாலராக்கினால் இல்லாத பணம் இருப்பதாகத் தெரியும். ஏமனில் 2016-இல் மத்திய வங்கி பிளவுபட்ட பிறகு, சனாவிலும் ஏடனிலும் ரியாலுக்கு வெவ்வேறு மதிப்பு. பணவீக்கம் கடுமையான நாட்டில் ஆண்டுச் சராசரி விகிதமும் ஏமாற்றும். சம்பளம் பட்டுவாடா ஆன மாதத்தின் விகிதத்தை எடுங்கள். எந்த விகிதம், ஏன் என்பதைக் கட்டுரையின் முறையியல் பகுதியிலேயே எழுதுங்கள்.

எல்லைக்கோடுகள். தெற்கு சூடானில் 10 மாநிலங்கள் 2015-இல் 28 ஆயின, 2017-இல் 32 ஆயின, 2020-இல் மீண்டும் 10 மாநிலங்களும் மூன்று நிர்வாகப் பகுதிகளுமாக மாறின. மாநிலவாரித் தரவைக் காலவரிசையில் இணைப்பவர் மாநிலத்துக்குக் கீழுள்ள கவுண்டி அளவுக்கு இறங்கி மறுபடி கட்டி எழுப்ப வேண்டியிருக்கும்.

நிலைய அறிக்கைகள். பல நாடுகள் ஆஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் மாதாந்திர அறிக்கை சேர்க்கின்றன. அதில் வெற்றுக்கட்டம் என்றால் சேவை பூஜ்ஜியமா, அறிக்கை வரவில்லையா என்று பிரித்தறியுங்கள். சண்டை நடந்த மாதங்களில்தான் அறிக்கைகள் அதிகம் விடுபடும். அவற்றை ஒதுக்கிவிட்டால் நீங்கள் அளக்க வந்த பாதிப்பையே ஒதுக்கியதாகும். குறுக்கிட்ட காலவரிசை முறையை (ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள போக்கை ஒப்பிடுவது) பயன்படுத்தினால், பருவகால ஏற்ற இறக்கத்தைப் பிரிக்க மாற்றத்துக்கு முன் 12 மாதமும் பின் 12 மாதமும் குறைந்தபட்சம் தேவை என்று கொள்ளுங்கள். பணம் அறிக்கையின் அடிப்படையில் வழங்கப்படும் இடங்களில், பணம் கிடைக்கும் சேவைகளின் எண்ணிக்கை ஊதிப்பெருகக்கூடும். பதிவேட்டோடு ஒப்பிட்ட சரிபார்ப்பு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

குடும்பச் செலவு. வெளிநோயாளர் செலவை நான்கு வாரத்துக்கும், உள்நோயாளர் செலவைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கேட்பது வழக்கம். நினைவுக்காலம் வேறுபடும் இரண்டு கணக்கெடுப்புகளை நேராக ஒப்பிடக் கூடாது. பேரழிவுச் செலவின், அதாவது குடும்பத்தையே நொடிக்கும் அளவு மருத்துவச் செலவின், வரையறையும் ஒன்றல்ல. ஐநாவின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 3.8.2 என்ற குறியீடு முதலில் குடும்ப நுகர்வில் 10%, 25% என்ற கோடுகளை வைத்தது, உலக சுகாதார நிறுவனத்தின் பழைய முறை, அடிப்படைத் தேவை போக மீதியில் 40% என்றது, 2025-இல் 3.8.2 குறியீடும் இந்த வகைக் கணக்குக்கு மாறியது. இன்னொரு பெரிய பொறி: மிக ஏழைக் குடும்பங்கள் மருத்துவத்துக்கே போகாததால் அவர்களின் செலவு பூஜ்ஜியமாகப் பதியும். கைச்செலவு குறைந்ததைப் பாதுகாப்பு கூடியதாக எழுதும்முன், சிகிச்சையைக் கைவிட்டவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

உதவிப்பணம். ஓஇசிடியின் உதவிப் பதிவும், ஐநாவின் மனிதாபிமான நிதிப் பதிவும் வெவ்வேறு நோக்கத்துக்கானவை. இரண்டாவது, கொடுப்பவரும் பெறுபவரும் தாமாகத் தெரிவிப்பதை நம்பியது. இரண்டையும் கூட்டினால் ஒரே தொகை இருமுறை வரும். வாக்களித்த தொகையையும் வந்து சேர்ந்த தொகையையும் கலக்காதீர்கள்.

பணியாளர் வருமானம். அடிப்படைச் சம்பளத்தோடு, உதவி நிறுவனங்களின் கூடுதல் தொகை, பயிற்சிப்படி, செயல்திறன் தொகை, தனியார் மருத்துவம், நோயாளிகள் கையில் தருவது, விவசாயம் எல்லாம் சேர்ந்ததே ஒரு செவிலியரின் வருமானம். ஒரே நேர்காணலில் "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்டால் சம்பளத்தை மட்டும் சொல்வார். வகைவாரியாக, கடந்த மாதத்துக்கு என்று கேளுங்கள். வாராந்திரக் குறிப்பேடு வைக்கச் சொல்லலாம்.

படி 6: களமும் பாதுகாப்பும்

தகவல் தருபவருக்கு நேரக்கூடிய ஆபத்தை முதலில் எண்ணுங்கள். சிறிய மாவட்டத்தில் "மாவட்ட மருத்துவ அலுவலர்" என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பதவியை விரிவான வகையாக்குங்கள். ஒலிப்பதிவைக் குறியாக்கம் செய்து அன்றே பாதுகாப்பான சேமிப்பகத்துக்கு மாற்றி, கருவியிலிருந்து அழியுங்கள். முறைகேடான கட்டணம் பற்றிக் கேட்கும்போது ஒலிப்பதிவே வேண்டாம், குறிப்பு போதும். கையொப்பமிட்ட ஒப்புதல் தாள் சில இடங்களில் தகவல் தருபவரையே காட்டிக்கொடுக்கும். வாய்மொழி ஒப்புதலுக்கு அறநெறிக் குழுவிடம் முன்பே அனுமதி கேளுங்கள்.

களத் தரவு சேகரிப்பவர்களுக்கும் உங்களுக்கு இருக்கும் அதே காப்பீடும் வெளியேற்ற ஏற்பாடும் இருக்க வேண்டும். திட்டப் பணத்தில் அதற்கு இடமில்லை என்றால் களப்பணியின் அளவைக் குறையுங்கள், காப்பீட்டைக் குறைக்காதீர்கள். ஆய்வை நிறுத்துவதற்கான அறிகுறிகளை முன்கூட்டியே எழுதிவைத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தை உள்ளூர்க் குழுத் தலைவரிடம் கொடுங்கள்.

படி 7: எழுதுவதும் பெயர் போடுவதும்

ஹெல்த் பாலிசி அண்ட் பிளானிங், பிஎம்ஜே குளோபல் ஹெல்த், கான்ஃப்ளிக்ட் அண்ட் ஹெல்த், சோஷியல் சயின்ஸ் அண்ட் மெடிசின் ஆகியவை இத்துறையின் வழக்கமான இதழ்கள். எல்லாரும் படிக்கும் வகையில் வெளியிடக் கட்டணம் கேட்கும் இதழ்களில், குறைந்த வருமான நாட்டு ஆசிரியர்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று சமர்ப்பிக்கும் முன்பே பாருங்கள். ஆசிரியர் வரிசையைத் திட்டம் தொடங்கும்போதே எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஆய்வு நடந்த நாட்டின் ஆய்வாளர் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ வராத கட்டுரைகள் தொடர்ந்து வெளிவந்தால், அந்தக் குழுவில் ஏதோ தவறாக நடக்கிறது. இதழ் ஆசிரியர்களும் இப்போது இதைக் கேட்கிறார்கள்.

படி 8: ஒப்பந்தங்களிலிருந்து நிலையான பணிக்கு

முனைவர் பட்டத்துக்குப் பின் வரும் ஆய்வாளர் பணிகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டு ஒப்பந்தங்கள். பல நாடுகளை இணைக்கும் ஆய்வுக் கூட்டமைப்புகள் இங்கே நல்ல நுழைவாயில். பிரிட்டிஷ் அரசு நிதியில் 2011-இல் தொடங்கிய ரீபில்ட் கூட்டமைப்பு கம்போடியா, சியரா லியோன், உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் போருக்கும் நெருக்கடிக்கும் பிந்தைய சுகாதாரக் கட்டமைப்பை ஆராய்ந்தது. அதன் அடுத்த கட்டம் லெபனான், மியான்மர், நேபாளம், சியரா லியோனில் நடந்தது. சுகாதாரக் கட்டமைப்பு ஆய்வாளர்களின் ஹெல்த் சிஸ்டம்ஸ் குளோபல் அமைப்பு, 2010-இல் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோவில் தொடங்கிய மாநாட்டை இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்துகிறது. அதில் நிலைகுலைந்த சூழல்களுக்கென்றே ஒரு பணிக்குழு உண்டு. வேலை அறிவிப்புகளும் கூட்டாளிகளும் அங்கேதான் கிடைப்பார்கள்.

விரிவுரையாளர் பணிக்குப் போகும்போது மூன்றைக் கேட்பார்கள்: முதல் பெயரில் கட்டுரைகள், கற்பித்த அனுபவம், சொந்தமாகப் பெற்ற நிதி. சிறிய நிதியாக இருந்தாலும் முதன்மை ஆய்வாளராகப் பெற்றது, பெரிய திட்டத்தில் பத்தாவது பெயராக இருப்பதைவிட மேல். விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலில் மொழிபெயர்ப்பு, பாதுகாப்புப் பயிற்சி, காப்பீடு, வங்கிப் பரிமாற்றத் தாமதம், நாணய இழப்பு, கூட்டாளி நிறுவனத்தின் நிர்வாகச் செலவு ஆகியவற்றை விடாமல் சேருங்கள். தடைவிதிக்கப்பட்ட நாடுகளுக்குப் பணம் அனுப்புவதில் வங்கிகள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதுண்டு. முதல் தவணை தாமதமானாலும் களக்குழுவுக்குச் சம்பளம் போக வழி வேண்டும்.

இத்துறைக்கு வரும் பணமே நிலையானதன்று. பிரிட்டன் 2021-இல் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7%-இலிருந்து 0.5%-ஆகக் குறைத்தபோது ஓடிக்கொண்டிருந்த ஆய்வுகளுக்கும் வெட்டு விழுந்தது, 2027-க்குள் 0.3%-ஆக்கும் முடிவு 2025-இல் அறிவிக்கப்பட்டது. அதே 2025-இல் அமெரிக்க உதவி நிறுவனம் கலைக்கப்பட்டது. பல நாடுகள் நம்பியிருந்த மக்கள்தொகை சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டமும் முடங்கியது. எனவே ஒரே நாட்டின் நிதியை நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போடாதீர்கள். வெல்கம் அறக்கட்டளை, எல்ரா என்ற தொண்டு அமைப்பின் மனிதாபிமான ஆய்வு நிதி, ஐரோப்பிய ஆய்வு நிதி எனப் பலவற்றில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கட்டும்.

ஆலோசனைப் பணிகளும் தேடி வரும். ஆண்டுக்கு ஒன்று இரண்டு நல்லது. அமைச்சகத்தின் உள்வேலை தெரியும், தரவுக்கு வழி திறக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் வெளியீட்டு உரிமை யாருக்கு என்று படியுங்கள். நிதி தந்தவரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிட முடியாது என்றால், அந்த வேலையை ஆய்வுக்கணக்கில் சேர்க்க முடியாது. செயல்திறன் நிதித் திட்டத்தை வடிவமைக்க உதவியவர் அதே திட்டத்தை மதிப்பிடவும் கூடாது. இதில் விட்டுக்கொடுத்தால் உங்கள் எண்களை எதிர்காலத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 9: பேராசிரியர் நிலையில்

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் 2021 ஆய்வு மதிப்பீட்டில் சமூகத் தாக்கத்துக்கு 25% எடை இருந்தது. கொள்கை மாற்றத்தில் உங்கள் ஆய்வு பங்களித்தது என்று காட்ட, அமைச்சக ஆவணத்தில் மேற்கோள், கூட்டக் குறிப்பு, அதிகாரியின் கடிதம் ஆகியவற்றை நடந்த அன்றே சேமித்துவைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்துத் தேடும்போது அந்த அமைச்சரும் இருக்கமாட்டார், அலுவலகமும் இடம் மாறியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய இன்னொன்று, தலைமையைக் கைமாற்றுவது. அடுத்த விண்ணப்பத்தில், ஆய்வு நடக்கும் நாட்டிலுள்ள உங்கள் கூட்டாளியை முதன்மை ஆய்வாளராக்கி நீங்கள் துணை ஆய்வாளராக இருங்கள். நிதி நேராக அவர்களின் நிறுவனத்துக்குப் போக, அங்கே கணக்குத் தணிக்கை, கொள்முதல் விதிகள், தரவுச் சேமிப்பகம் மூன்றும் தயாராக இருக்க வேண்டும். நடப்புத் திட்டத்தின் செலவிலேயே ஒரு நிதி அலுவலரையும் ஒரு தரவு மேலாளரையும் அந்த நிறுவனத்தில் நியமித்து, குறைந்தது இரண்டு ஆண்டுச் சம்பளத்தை உறுதி செய்யுங்கள்.